ஒற்றைக் கோடு

துவைக்கப் போட்ட என் தம்பியின் பேண்ட் பையில் ஆரஞ்சு நிறத்தில் சின்ன மூடி ஒன்று கிடந்தது. ஏதோ பேனாவின் மூடி என்று நினைத்து ஜன்னல் ஓரத்தில் எடுத்து வைத்தேன். சில நாள் கழித்து அதே போல் இன்னொன்று கிடைத்தபோதுதான் உறைத்தது. எங்கள் பள்ளியில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவர் மேசைமேல் அந்த மூடியைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை நோய் கிடையாது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஊர். கொஞ்சம் நெல் நிலம் உண்டு. நைனா, எங்கள் அப்பா, இறந்த பிறகு அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, ஊருக்குத்தான் இருக்கிறது. தம்பி என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மூட்டை தூக்குவது, அடுக்குவது. காலையில் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், இருட்டின பிறகு கொண்டுவந்து இறக்கிவிடும். வந்ததும் குளிக்கப் போவான். நேரம் போய்க்கொண்டே இருக்கும், வெளியே வரமாட்டான். வெயில் கொளுத்தும்போதும் முழுக்கைச் சட்டைதான். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்ததை ஒன்றோடு ஒன்று சேர்க்கவில்லை.

அவனிடம் நேராகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போதை மருந்து எடுத்திருக்கிறானா என்று சிறுநீரை வைத்துக் கண்டுபிடிக்கும் அட்டை மெடிக்கலில் கிடைக்கிறது என்று கைப்பேசியில் படித்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் கேட்டால் அம்மா காதுக்குப் போய்விடும். அதனால் பள்ளி விட்டதும் பஸ் ஏறி, என்னை யாருக்கும் தெரியாத கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். கடையில் கூட்டம். என் முறை வந்தபோது, "யூரின் டெஸ்ட் பண்ற கார்டு" என்று மட்டும் மெல்லச் சொன்னேன். அதற்கு முன்னால் இருக்க வேண்டிய வார்த்தை வாயில் வரவில்லை. கடைக்காரர் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், ஒரு சின்னப் பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றி, யாருக்கும் தெரியாமல் கொடுப்பதுபோலக் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால் கர்ப்பம் பார்க்கிற அட்டை. திரும்பிப் போய் மாற்றிக் கேட்க என்னால் முடியவில்லை. கைப்பைக்குள் அதைத் திணித்துக்கொண்டு, தாலி இல்லாத கழுத்தை முந்தானையால் போர்த்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலமே தம்பியைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு, மூடிகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவன் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அடி.

"ஊசிதான்கா" என்றான். "தோளு வலின்னு ஆரம்பிச்சிது. மொதல்ல முழுங்கிக்கினு இருந்தேன். அப்பால அது பத்தல."

"எது பத்தல?"

"வலி மாத்திர. அத்த கரைச்சி…" என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நீ பயப்படாத. பழைய ஊசி எதுவும் தொடமாட்டேன். ஒரு தொண்டு நிறுவனத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்து புதுசா குடுக்கும். எய்ட்ஸ் மாதிரி சீக்கு வரக்கூடாதுன்னு."

தம்பிமேல் வரவேண்டிய கோபம் அத்தனையும் முகம் தெரியாத அந்தப் பெண்மேல் திரும்பியது. ஊசியைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறாளாமே, அவள் எப்படிப்பட்டவள்? எங்கே இருப்பாள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை போனேன். பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் ஒரு பஞ்சர் கடைக்கு மேலே ஒற்றை அறை. என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊசி குடுக்கறது நீதானா?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவள் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தாள். "ஒக்காருங்க. யாரு வூட்லேர்ந்து வர்றீங்க?"

தம்பி என்று சொல்லத்தான் போயிருந்தேன். "தெரிஞ்சவங்க வீடு" என்று வந்தது.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் கத்தினேன். நீங்கள்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறீர்கள், போலீஸில் சொல்வேன் என்றெல்லாம் பேசினேன். அவள் அலமாரியைத் திறந்து ஒரு சின்ன உறையை எடுத்தாள். உள்ளே விரல் அகலம்கூட இல்லாத காகிதப் பட்டைகள் சிலவும் ஆங்கிலத்தில் அச்சடித்த காகிதம் ஒன்றும் இருந்தன.

"உங்களுக்கு இங்கிலீசு படிக்க வருமா? இந்தக் காயிதத்துல எழுதிக்கீறத எனக்குச் சொல்லுங்களேன். தெரிஞ்ச டாக்டரு ஒருத்தரு குடுத்தாரு. அவரு சொல்றப்ப புரிஞ்ச மாதிரி இருந்திச்சி, இப்ப எது எதுன்னு கொழம்பிப் போச்சி."

சண்டை போட வந்தவள் அந்தக் காகிதத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். பழக்கம், யார் தாளை நீட்டினாலும் வாங்கிவிடுவேன். சிறுநீரைப் பார்க்கிற பட்டை அல்ல அது. மாத்திரையையே பார்க்கிற பட்டை. போட்டுக்கொள்வதற்கு முன்னால், தண்ணீரில் கரைத்ததில் நனைத்தால், அதில் ஃபென்டானில், துளி கூடினாலும் மூச்சை நிறுத்திவிடும் மருந்து, கலந்திருக்கிறதா என்று காட்டும். ஒரு கோடு வந்தால் இருக்கிறது. இரண்டு கோடு வந்தால் இல்லை. கர்ப்பம் பார்க்கிற அட்டைக்கு நேர் எதிர். அந்த அட்டை அப்போதும் என் கைப்பையின் அடியில்தான் கிடந்தது. இல்லை என்று காட்டினாலும் ஆபத்தில்லை என்று அர்த்தமாகாது, இந்தப் பட்டை வேறு எதையும் காட்டாது என்று தனியாகத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"அட்டையில இல்லாம லூசா ஒரு மாத்திர வந்துக்கினு கீது" என்றாள் அவள். "பாக்கறதுக்குப் பழசு மாதிரியேதான் கீது. ஆரம்பாக்கம் பக்கம் ரெண்டு பேரு போட்ட எடத்துலயே சாஞ்சிட்டாங்க. அதனாலதான் இது. நாலு எடுத்துக்கினு போங்க. அவரு தனியா போட வேணாம், கதவத் தாப்பா போட வேணாம்னு சொல்லுங்க. மூச்சு கொறையிற மாதிரி இருந்தா நூத்தியெட்டுக்கு அடிங்க."

"நான் நிறுத்த வழி கேட்டு வந்தா, நீ போட்டுக்க வழி சொல்றியே."

"நிறுத்தறதுக்கும் எடம் கீது. திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரில நாக்குக்கு அடியில வைக்கிற மருந்து குடுக்கறாங்க. கூட்டிக்கினு வாங்க, நானே கூட வரேன். ஆனா அவரு இன்னிக்கி வரமாட்டாரு. நாளைக்கும் வரமாட்டாரு. அது வரிக்கும் இன்னா பண்ணப் போறீங்க?"

நான்கு பட்டைகளை வாங்கி, திருத்த வேண்டிய விடைத்தாள்களுக்கு நடுவில் வைத்து எடுத்துவந்தேன். படி இறங்கும்போது பஞ்சர் கடையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அறைக்கு யார் யார் வருவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் அல்லவா? நான் மாடியில் வேறு ஏதோ வேலையாக வந்தவள்போலக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

தம்பியிடம் கொடுத்தபோது அவன் சிரித்துவிட்டான். "நீயா போய் இத்த வாங்கினு வந்த?" என்றான். பிறகு சிரிப்பு நின்று, தலையைக் குனிந்துகொண்டான்.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அம்மா பொங்கல் வைக்கப் பெரியபாளையத்துக் கோயிலுக்குப் போயிருந்தாள். எங்கள் தெருவே காலியாக இருந்தது. தூரத்தில் ஒலிபெருக்கியும் உடுக்கையும் கேட்டபடி இருந்தன. மத்தியானம் தம்பி அறையிலிருந்து எழுந்து வந்தான். முகமெல்லாம் வியர்வை, மூக்கு ஒழுகியது, கொட்டாவி மேல் கொட்டாவி. மருந்து இல்லாத நேரத்தில் அப்படித்தான் ஆகும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

"அக்கா, புதுசா வாங்கினு வந்தேன். லூசுதான். நீ குடுத்த பட்டைய வச்சிப் பாக்கலாமா?" என்றான்.

அவன் என்னைக் கூப்பிட்டதை மறுக்க முடியவில்லை. தனியாகப் போட வேண்டாம் என்று சொன்னது நான்தான். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்தோம். அவன் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன, ஆனால் கிண்ணத்தில் மாத்திரையைக் கரைக்கிற அந்த வேலையை மட்டும் நடுங்காமல் செய்தன. எத்தனை நாள் செய்திருந்தால் அவ்வளவு சுத்தமாக வரும்! நான் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சின்ன வயதில் அவனுக்கு அ, ஆ எழுதக் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்ததும் இதே கல்லின்மேல்தான், சாக்பீஸால். இப்போது அவனுக்கு ஊசி போட்டுக்கொள்ளத் துணையாக உட்கார்ந்திருக்கிறேன். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு யாராவது வந்தால் நான் என்ன சொல்வேன்?

பட்டையை நனைத்து வைத்தோம். ஈரம் மெல்ல மேலேறியது. சிவப்பாக ஒரு கோடு வந்தது. இன்னொன்று வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை.

"ஒண்ணுதான்கா வருது. ஒண்ணு வந்தா நல்லது இல்ல?" என்றான். அவன் குரலில் இருந்த ஆசையை இப்போதும் கேட்கிறேன்.

"இல்லடா. ஒண்ணு வந்தா கீதுன்னு அர்த்தம்."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் எழுந்து இரண்டு முறை நடந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். "கொஞ்சமா போட்டா ஒண்ணும் ஆவாதுகா. பாதி. கால்வாசி." நான் பட்டையை அவன் முன்னால் நீட்டினேன். அவன் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, சாய்க்கப் போய், சாய்க்க முடியாமல் நின்றான். கடைசியில் என் பக்கம் நீட்டினான்.

"நீயே ஊத்திடு. எனக்குக் கை வரமாட்டுது."

நான் அதை மண்ணில் ஊற்றினேன். அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்படியே குனிந்தபடி சொன்னான்: "அக்கா, அவன் கையிலயும் இதான் கீது."

அவனோடு வேலை பார்க்கிற ஒருவன். ஒரே ஆளிடம் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டார்களாம். போன் அடித்தால் எடுக்கவில்லை. "நீ போய்ச் சொல்லு" என்றேன். எழுந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நிற்கக்கூட முடியவில்லை. "நான் போனாலும் அவன் பொண்டாட்டி உள்ள உடமாட்டா. நீ போறியா? கும்மிடிப்பூண்டிதான்." தெருவும் வீட்டு அடையாளமும் சொன்னான். அம்மா வரும்வரை தொடமாட்டேன் என்று என் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். அதை நம்பித்தான் புறப்பட்டேன். பட்டையை ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அந்த வீட்டு ஆள் நம்பமாட்டான் என்று தோன்றியது.

கோயில் கூட்டத்தில் பஸ் நகரவே இல்லை. வேப்பிலை கட்டிக்கொண்டு போகிறவர்கள் ரோட்டை அடைத்திருந்தார்கள். அதில் அம்மாவும் இருப்பாள் என்று ஜன்னலிலிருந்து முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். வழி நெடுக ஒரே எண்ணம்தான்: என்னவென்று சொல்வது? பொதுவாகச் சொல்லலாம். கேள்விப்பட்டேன் என்று சொல்லலாம். பள்ளியில் ஒரு கூட்டத்தில் சொன்னார்கள் என்று சொல்லலாம். தம்பியின் பேச்சே வராமல் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும் என்று வாக்கியங்களை மனதுக்குள் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டே போனேன்.

வரிசை வீடுகளில் கடைசி வீடு. கதவைத் திறந்த பெண் என்னைப் பார்த்ததும், "டீச்சர்!" என்று கத்தினாள்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முன்பு பழவேற்காடு பக்கம் வேலை பார்த்தபோது என்னிடம் படித்தவள். ஏரியில் வலை போடுகிறவரின் மகள். பேச்சுப் போட்டிக்கு நான்தான் தயார்செய்து அழைத்துப் போனேன்.

"இன்னா டீச்சர் இவ்ளோ தூரம்? என் வூடு எப்படித் தெரிஞ்சிது?" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "கல்யாணமா டீச்சர்? பத்திரிகை வைக்கத்தானே வந்தீங்க?"

"இல்லம்மா" என்றேன். "உன் வீட்டுக்காரர் எங்க?"

"குளிச்சிக்கினு கீறாரு. இப்ப வந்துடுவாரு. இருங்க, டீ போடறேன்."

"டீ வேணாம். இப்படி வா."

பஸ்ஸில் அடுக்கிய வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்திடம் பொய் எடுபடாது என்று தெரிந்தது. "என் தம்பி ஊசி போட்டுக்கிறான்" என்றேன். அதுவரை யாரிடமும் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. "மாத்திரையைக் கரைச்சி. இன்னிக்கி வாங்கினதுல வேற ஏதோ கலந்திருக்கு, உயிருக்கே ஆபத்து. உன் வீட்டுக்காரர்கிட்டயும் அதே மாத்திரை இருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் கையை விட்டாள். முகம் மெல்ல மாறியது.

"பெரியபாளையத்துப் பக்கத்துலேர்ந்து ஒருத்தன் வருவானே, முழுக்கை சட்ட போட்டுக்கினு… அவனா உங்க தம்பி?"

"ஆமாம்."

"இவருக்கு மொத ஊசி போட்டு உட்டவன் அவன்தான் டீச்சர். எனக்கு எதிர்லயே சொல்லி அழுதாரு. அவன் உங்க தம்பியா?"

இது எனக்குத் தெரியாது. தம்பி சொல்லவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். அவள் வீட்டில் அவள் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்காரும் தகுதி எனக்கு இல்லை என்று தோன்றியது. பின்பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது வாளிக்குள் விழுகிற சத்தம் இல்லை. நிரம்பி வழிந்து தரையில் கொட்டுகிற சத்தம்.

"எவ்வளவு நேரமா தண்ணி போவுது?" என்றேன்.

அவள் ஓடினாள். தகரக் கதவைத் தட்டினாள், பெயர் சொல்லிக் கத்தினாள். பதில் இல்லை. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினோம். தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு வந்தது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு எப்போதோ ஒன்று குறட்டைபோல வந்தது. அவனை வெளியே இழுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். நான் நூற்றியெட்டுக்கு அடித்தேன். அவள் அவன் கன்னத்தில் அறைந்து, "எழுந்திரு, எழுந்திருயா" என்று கத்திக்கொண்டிருந்தாள். கத்தல் கேட்டு வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வந்து வாசலில் நின்றார்கள். ஊசி தரையில் கிடந்தது. அவள் அதைக் காலால் வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். நான் பார்த்தேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ஓட்டமாக வந்தார். "என்ன ஆச்சு? என்ன சாப்பிட்டார்?"

"மயக்கம் சார்" என்றாள் அவள். "காலையிலேர்ந்து நாஷ்டாகூட துன்னல. அதான்."

டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "உண்மையச் சொல்லும்மா. நேரம் இல்ல."

அவள் தரையைப் பார்த்தாள். சுற்றிலும் ஆட்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் என் பள்ளி மாணவியின் அப்பா. ஆம்புலன்ஸிலிருந்து இறங்கும்போதே எனக்கு வணக்கம் சொல்லியிருந்தார். நான் கைப்பையைத் திறந்து மடித்த காகிதத்தை எடுத்தேன்.

"ஊசி போட்டுக்கிட்டார் சார். வலி மாத்திரை. அதே மாத்திரைய இதுல சோதிச்சோம். ஃபென்டானில் இருக்குன்னு காட்டுது."

அவர் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது யார் பண்ணது?"

"நான்தான்."

"நீங்க யாரு?"

"டீச்சர்" என்றேன்.

பெஞ்சில் இருந்தவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் திரும்பியிருப்பார். டாக்டர் நர்ஸிடம் ஏதோ மருந்து பெயர் சொன்னார். அதை ஏற்றிச் சிறிது நேரத்தில் அவன் தண்ணீருக்குள்ளிருந்து வந்தவன்போல மூச்சை இழுத்துக்கொண்டு கண் திறந்தான். திறந்ததும் எல்லாரையும் திட்டினான். அவன் திட்டுவதைக் கேட்டு அவள் அழுதாள்.

நான் புறப்படும்போது வாசல்வரை வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று என் மனதின் ஒரு மூலை எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்பை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"இனிமே எங்க வூட்டுக்கு வராதீங்க டீச்சர்" என்றாள். "உங்க தம்பியும் வரக்கூடாது."

"சரிம்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து சுக்குக் கஷாயம் ஆற்றிக்கொண்டிருந்தாள். அவன் சத்தியத்தைக் காப்பாற்றியிருந்தான். காய்ச்சல் என்று அவளிடம் சொல்லியிருந்தான். அவனைப் பார்த்ததும் என் வாயில் வந்தது இதுதான்: "அவனுக்கு மொதல்ல போட்டு உட்டது நீயா?" அம்மா நிமிர்ந்தாள். தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அதற்குப் பிறகு எதையும் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முடிவில் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தப் பொண்ணோட புருசன் பொழைச்சிக்கினானா?"

"பொழைச்சிக்கினாம்மா."

அவள் கஷாயத்தை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். அன்று நெற்றியில் இட்டுக்கொண்டு வந்த கோயில் திருநீற்றைத் தேய்த்துக் கழுவுவது கதவு வழியே தெரிந்தது. அம்மன் பிரசாதம் தனக்குத் தகாது என்று நினைத்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை.

மறுநாள் தம்பியே சொன்னான், போகலாம் என்று. பஞ்சர் கடை மாடியில் இருந்த பெண் சொன்னபடியே கூட வந்தாள். அன்றிலிருந்து அவன் திருவள்ளூருக்குப் போய் நாக்கின் அடியில் மருந்து வைத்துக்கொண்டு வருகிறான். நடுவில் ஒருமுறை தவறினான். அதை அவனே வந்து சொன்னான். கம்பெனியில் வேலை போய்விட்டது. இப்போது அம்மாவோடு நிலத்துக்குப் போகிறான். விடுமுறை நாளில் அவனோடு நானும் போவேன். அங்கே வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, "இன்னா டீச்சர் இங்க?" என்றால், "தம்பிக்குக் காய்ச்சல்" என்பேன். அம்மாவிடம் அவன் சொன்ன அதே பொய். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் நடுவில் சொன்னவளுக்கு இங்கே என்ன வந்தது என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை எளிதாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை.

பள்ளியில் போதைப் பொருளுக்கு எதிரான உறுதிமொழி எடுக்கிற நாள் வந்தது. தலைமை ஆசிரியர், "உங்க உச்சரிப்புதான் சுத்தம், நீங்களே வாசிங்க" என்றார். மைக் முன்னால் நின்று வாசித்தேன். பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள். வீட்டில் உள்ளவர்களையும் அந்தப் பழக்கத்திலிருந்து மீட்பேன் என்று வருகிற இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. மைக் சரியில்லை என்று நினைத்து ஒரு மாணவன் ஓடிவந்து அதைத் தட்டிப் பார்த்தான். எஞ்சிய பட்டைகள் என் கைப்பையில் இருந்தன. அது ஆசிரியர் அறையில், எல்லோருடைய பைகளோடும் சேர்ந்து மேசைமேல் இருந்தது.

சில வாரம் கழித்து, எங்கிருந்தோ என் எண்ணைப் பிடித்து அவள் போன் செய்தாள். நான் தமிழ் நடத்திய அந்தப் பெண்தான்.

"அந்தப் பட்டை இன்னும் கீதா?" என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை.

"இருக்கு."

"பஸ் ஸ்டாண்டுக்கு வரேன்."

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் சந்தித்தோம். இன்னும் இளைத்திருந்தாள். அவன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. பட்டை கேட்கிறாள் என்பதிலேயே பதில் இருந்தது. எப்படிப் பார்ப்பது என்று சொன்னேன். வகுப்பில் கேட்பதுபோலவே கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள்.

"ஒரு கோடு வந்தா கீது. ரெண்டு வந்தா இல்ல" என்று திருப்பிச் சொன்னாள்.

"இல்லன்னு வந்தாலும் பயம் இல்லன்னு ஆகாது. தனியா விடாத. கதவு தாழ்ப்பாள் போடக்கூடாது."

"தாப்பாதான் ஒடிஞ்சி போச்சே" என்றாள். சிரிக்கவில்லை. பட்டைகளைக் கைக்குட்டையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "உங்க தம்பி போறானாமே, அந்த எடம். அங்க இவரையும் சேத்துப்பாங்களா?"

"சேத்துப்பாங்க. அவன வந்து கூட்டிக்கினு போகச் சொல்லட்டுமா?"

"அவன் வேணாம்" என்றாள். "எடத்த மட்டும் எழுதிக் குடுங்க."

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நான்கைந்து பேர் டியூஷன் முடிந்து வந்தார்கள். "வணக்கம் டீச்சர்" என்று கூட்டமாகக் கத்தினார்கள். அவள் டிக்கெட்டை உள்ளங்கையில் மடித்துக்கொண்டு, என்னைத் தெரியாதவள்போலத் தள்ளிப் போய் நின்றாள். நான் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் வந்ததும் அவள் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அவளும் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் கையசைக்கவில்லை.